பிஸ்கோவ்: மதில் உடைந்தும் விழாத கோட்டை

கேள்வி இதுதான்: ரஷ்யக் கோட்டை என்றால் மாஸ்கோ கிரெம்ளினைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை, இடைக்காலக் கற்கோட்டை ஒன்றை எடுத்து அதன் வரலாற்றையும் கட்டுமானத்தையும் விளக்க முடியுமா? பீரங்கி வந்த பிறகும் அந்த மதில்களால் ஏதாவது பயன் இருந்ததா?

மாஸ்கோவை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவதே நல்லது. அங்கே இன்று நிற்கிற சிவப்புச் செங்கல் மதில் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியக் கட்டடக் கலைஞர்களை வரவழைத்துக் கட்டியது. வட இத்தாலியக் கோட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் சாயல் உடனே பிடிபட்டுவிடும். ரஷ்ய மண்ணின் சொந்தக் கைவேலையைப் பார்க்க வேண்டுமென்றால் நாட்டின் வடமேற்கு மூலைக்கு, எஸ்தோனிய எல்லையை ஒட்டிய பிஸ்கோவ் நகருக்குப் போக வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அங்கேதான் நேரடியான விடை இருக்கிறது. 1581ல் ஐரோப்பாவின் திறமையான தளபதிகளில் ஒருவர் பீரங்கிகளோடு வந்து அந்த மதிலை ஒரே நாளில் உடைத்தார். ஐந்து மாதம் கழித்து வெறுங்கையோடு அவர் படை திரும்பிப் போனது. மதில் உடைந்துவிட்டது, நகரம் விழவில்லை. அது எப்படி என்பதைச் சொல்ல முந்நூறு, நானூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் இடம். வெலிகாயா என்ற பெரிய ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடிப் பிஸ்கோவ் ஏரியில் விழுகிறது. ஏரிக்குச் சற்று முன்னால் பிஸ்கோவா என்ற சின்ன ஆறு கிழக்கிலிருந்து வந்து அதில் கலக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஒடுங்கிய, செங்குத்தான சுண்ணாம்புக்கல் பாறை மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இருப்பதுதான் மூலக்கோட்டை. மற்ற ஊர்களில் கிரெம்ளின் என்பதை இங்கே க்ரோம் என்பார்கள். ரஷ்ய நாளாகமங்களில், அதாவது ஆண்டுவாரியாக எழுதி வைத்த வரலாற்றுக் குறிப்புகளில், ஊரின் பெயர் முதன்முதலாக 903ஆம் ஆண்டுக் குறிப்பில் வருகிறது. இளவரசன் ஈகோருக்கு மணமுடிக்க ஓல்காவை இங்கிருந்துதான் அழைத்துப் போனார்களாம்.

பாறை மூக்கின் இரண்டு பக்கமும் ஆறும் செங்குத்துச் சரிவும். மீதி இருக்கும் தெற்குப் பக்கம் மட்டும் சமதரை, பகைவன் வந்தால் அந்த வழியாகத்தான் வர முடியும். அதனால் கவலையும் காசும் கல்லும் தெற்கேயே போய்ச் சேர்ந்தன. க்ரோமின் தெற்கு மதிலுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் பெர்ஸி, அதாவது மார்பு. நீளம் வெறும் 88 மீட்டர். ஆற்றோரத்து மதில்கள் இதைப்போலப் பல மடங்கு நீளம், ஆனால் கனமும் உயரமும் இதற்குத்தான் அதிகம். 1424ல் இதைப் புதுப்பிக்க 200 கூலியாட்களை வைத்து மூன்றரை வருடம் வேலை வாங்கினார்கள் என்று உள்ளூர் நாளாகமம் எழுதி வைத்திருக்கிறது. அந்த நாளாகமங்களைப் படித்தால் ஊரே ஒரு நிரந்தரக் கட்டுமான வேலையில் இருந்தது போலத் தோன்றும். இந்த வருடம் இந்த மதில் சரிந்தது, அந்த வருடம் அந்தக் கோபுரம் முடிந்தது, இன்னார் தலைவராக இருந்தபோது இன்ன வாசல் கட்டப்பட்டது என்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்.

ஊர் வளர வளர மதிலும் தெற்கே நகர்ந்தது. இந்தக் கதையில் முதல் பெரிய பெயர் தோவ்மோந்த். இவர் ரஷ்யர் இல்லை, லிதுவேனிய இளவரசர். 1263ல் லிதுவேனிய மன்னர் மிந்தாவ்காஸ் கொல்லப்பட்டதில் இவருக்குப் பங்கு உண்டு என்பார்கள். அதன் பிறகு அங்கே இருக்க முடியாமல் தன் ஆட்களோடு பிஸ்கோவுக்கு ஓடிவந்து, ஞானஸ்நானம் பெற்று, திமோஃபேய் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1266ல் ஊர்க்காரர்கள் இவரையே தங்கள் இளவரசராக ஏற்றுக்கொண்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் லிவோனிய வீரர்களோடு, அதாவது இன்றைய எஸ்தோனியா, லாத்வியா பகுதியை ஆண்ட ஜெர்மானியச் சிலுவைப் போர் வீரர்களோடு, சண்டை போட்டு, 1299ல் கடைசி வெற்றி கிடைத்த அதே வருடம் இறந்தார். ஊர் இவரைப் புனிதராகவே வணங்கியது. பெர்ஸிக்கு முன்னால் இவர் எழுப்பிய கல்மதிலுக்குள் இருக்கும் சிறு பகுதி இன்றைக்கும் தோவ்மோந்த் நகரம்தான். நிர்வாகக் கட்டடங்களும், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பது போல் பத்துக்கும் மேற்பட்ட தேவாலயங்களும் அதற்குள் இருந்தன.

அடுத்தது 1309. போரிஸ் என்ற நகரத் தலைவர் காலத்தில் இன்னும் தெற்கே ஒரு கல்மதில் வந்தது. 1375ல் அதையும் தாண்டி இன்னொன்று. 1465ல் இதற்கெல்லாம் வெளியே இருந்த குடியிருப்புகளைச் சுற்றியும், பிஸ்கோவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் வளர்ந்த பகுதியைச் சுற்றியும் மரத்தால் அரண் அமைத்து, பிறகு 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் படிப்படியாக அதைக் கல்லாக மாற்றினார்கள். எல்லாம் முடிந்தபோது ஐந்து வளையம், சுமார் 9 கிலோமீட்டர் மதில், ஏறக்குறைய 40 கோபுரங்கள். ஒவ்வொரு முறையும் வெளியே புது மதில் எழுந்தபோது உள்ளே இருந்த பழையதை இடித்துவிடாமல் விட்டு வைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இதெல்லாம் யார் காசு? இங்கேதான் பிஸ்கோவ் மற்ற ரஷ்ய ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. இது மன்னர் ஊர் இல்லை. வேச்சே என்ற பொதுச்சபையும், அது தேர்ந்தெடுக்கும் போசாத்னிக் என்ற தலைவரும்தான் ஊரை நடத்தினார்கள். இளவரசர் என்பவர் பெரும்பாலும் வாள் தூக்குவதற்கென்று ஒப்பந்தம் பேசி அமர்த்திய ஆள். அக்கம்பக்கத்துப் பெரிய குடியரசான நோவ்கோரோத் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் பிஸ்கோவைத் தனி ஊராக, ‘தம்பி’யாக ஏற்றுக்கொண்டது. ஹன்சா என்ற வட ஜெர்மானிய வணிக நகரங்களின் கூட்டணியோடு நடந்த வியாபாரத்தில் பணம் புரண்டது.

அதனால் க்ரோமுக்குள் அரண்மனையைத் தேடினால் கிடைக்காது. இளவரசர் உள்ளே குடியிருக்கவில்லை. உள்ளே இருந்தவை மூன்று: திரித்துவப் பேராலயம், அதன் முன்னால் சபை கூடும் திடல், அப்புறம் வரிசை வரிசையாகத் தானியக் கிடங்குகள். முற்றுகை வந்தால் உயிர் பிழைக்க வேண்டிய தானியம் அங்கேதான் பூட்டிக் கிடந்தது. பிஸ்கோவின் சட்டத் தொகுப்பு நான்கு பேருக்கு உயிர்ப்பிச்சை கிடையாது என்கிறது: க்ரோமில் திருடியவன், குதிரை திருடியவன், ஊரைக் காட்டிக்கொடுத்தவன், தீ வைத்தவன். க்ரோமில் ஒரு மூட்டைத் தானியத்தைக் களவாடுவதும் எதிரிக்கு வாசல் திறந்துவிடுவதும் அவர்கள் கணக்கில் ஒரே தட்டு. எனக்குத் தெரிந்து இந்தக் கோட்டையின் அடிப்படையை இந்த ஒரு சட்டவரி சொல்வது போல வேறெதுவும் சொல்வதில்லை. காட்டிக்கொடுப்பவனைப் பற்றிய பயம் வெறும் கற்பனையும் இல்லை. 1240ல் லிவோனியப் படை உள்ளே வந்தது த்வெர்தீலோ என்ற ஊர்ப் பிரமுகரின் துணையோடுதான். 1242ல் நோவ்கோரோத் இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி வந்து மீட்க வேண்டியிருந்தது.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம்.

பிஸ்கோவ் மதிலுக்குப் பக்கத்தில் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது அதில் நேர்க்கோடே இல்லை என்பதுதான். கல் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். அதைச் சதுரமாகச் செதுக்கவில்லை. கையில் வந்த அளவில் தட்டையாக அடுக்கி, நடுவில் தாராளமாகக் காரையைப் போட்டு, இரண்டு முகப்புக்கும் இடையில் உடைகல்லையும் காரையையும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். காரைக்கு வேண்டிய சுண்ணாம்பும் அதே கல்லைக் காளவாயில் சுட்டு எடுத்ததுதான். வெட்டி எடுக்கும் குழி ஒன்று, அதிலிருந்து மதிலுக்கு ஒரு வண்டி, காளவாய்க்கு ஒரு வண்டி. மேலே பூசிய சாந்தை மட்டக்கோல் வைத்து இழுக்கவில்லை. கைக்கு வந்தபடி தடவிவிட்டதால் மதில் முகமும் தேவாலயச் சுவர்களும் களிமண்ணில் பிடித்து வைத்தது போல மெல்லிய மேடுபள்ளத்தோடு இருக்கும். மாலை வெயில் சாய்வாக விழும்போது அது தெளிவாகத் தெரியும். பார்க்க அழகு. ஆனால் அழகுக்காகச் செய்ததல்ல.

இந்தக் கல்லுக்கு ஒரு பெரிய குறை உண்டு, தண்ணீரை உறிஞ்சும். ரஷ்யக் குளிரில் உறிஞ்சிய தண்ணீர் உறைந்து விரிந்து கல்லை ஏடு ஏடாகப் பிளக்கும். மேலே சுண்ணாம்புப் பூச்சும், மதில் உச்சியில் மரக்கூரையும் இல்லாவிட்டால் சில பத்தாண்டுகளில் மதில் உதிர ஆரம்பித்துவிடும். எனவே இந்தக் கோட்டையைக் கட்டி முடித்தோம் என்று யாரும் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. பூச வேண்டும், கூரை மாற்ற வேண்டும், சரிந்ததை எடுத்துக் கட்ட வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை கொத்தனார் வேலை தெரிந்த கூட்டம் ஊரில் இருந்தே ஆக வேண்டும். இருந்தது, நாடு முழுக்கப் பேரும் வாங்கியது. மாஸ்கோவில் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த பேராலயம் 1474ல் இடிந்து விழுந்தபோது மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் காரணம் கேட்டு ஆளனுப்பியது பிஸ்கோவ் கொத்தனார்களுக்குத்தான். பிறகு மாஸ்கோ கிரெம்ளினுக்குள் இருக்கும் அறிவிப்புப் பேராலயத்தை 1484 முதல் 1489 வரை அவர்களே கட்டினார்கள். 1552ல் தாத்தார்களின் தலைநகரான கசான் ரஷ்யர்களிடம் விழுந்த பின் அங்கே கற்கோட்டை எழுப்ப நான்காம் இவான், அதாவது ‘கொடுங்கோலன்’ இவான், கேட்டனுப்பியதும் பிஸ்கோவிலிருந்து 200 கல்தச்சர்களைத்தான்.

வாசல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தக் கோட்டைக்கும் பலவீனமான இடம் வாசல்தான். பிஸ்கோவ் பகுதிக் கட்டடக்காரர்கள் அதற்குக் கண்டுபிடித்த வழி ஸஹாப். வெளிவாசலைத் தாண்டினால் ஊருக்குள் போய்விட முடியாது. இருபுறமும் உயர்ந்த மதிலுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய நடைபாதைக்குள் போவீர்கள்; அதன் மறுகோடியில்தான் உள்வாசல். வெளிக்கதவை உடைத்து உள்ளே பாய்கிற படை அந்தச் சந்தில் நெருக்கியடித்து நிற்கும்போது தலைக்குமேல் இரண்டு பக்கத்திலிருந்தும் அம்பும் கல்லும் விழும். இடிக்கும் மரத்தைத் திருப்பக்கூட அங்கே இடம் இருக்காது. க்ரோமுக்கு இன்றும் இப்படித்தான் நுழைகிறோம். ஆனால் இதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் சுமார் 30 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் இஸ்போர்ஸ்க் போங்கள். 1330ல் குன்றின்மேல் எழுப்பிய சிறு கோட்டை அது. சுற்றி ஊர் பெருகாததால் அமைப்பு கண்ணுக்கு மறையாமல் இருக்கிறது, ஸஹாபும் பிசிறில்லாமல் தெரிகிறது.

இஸ்போர்ஸ்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை கனமான மதிலும் தந்திரமான வாசலும் இருந்தும் 1569ல் ஒரு சிறு லிதுவேனியப் படை அதை எளிதாகப் பிடித்துவிட்டது. இவான் மன்னரின் கறுப்பு உடைப் படையான ஒப்ரீச்னிக்குகளைப் போல வேடம் போட்டு ராத்திரியில் வந்து, கதவைத் திற என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே நாடு நடுங்கிய காலம். காவல்காரர்கள் திறந்துவிட்டார்கள்.

மறுபடி பிஸ்கோவ். ஊருக்கு நடுவே ஆறு ஓடினால் மதிலை என்ன செய்வது? பிஸ்கோவா ஆறு வெளிவளையத்துக்குள் நுழையும் இடத்திலும், வெலிகாயாவில் கலக்கும் முகத்துவாரத்திலும் தண்ணீருக்குக் குறுக்கே கிராதி போட்ட நீர்வாசல்கள் அமைத்தார்கள். தண்ணீர் போகும், படகு போகாது. மேல்கிராதியைக் காக்கப் பாறைக் கரைமேல் 1525ல் கட்டிய கோபுரம் இன்றும் நிற்கிறது, உயரம் ஏறக்குறைய 29 மீட்டர். முற்றுகைக் காலத்தில் தண்ணீர் எடுக்க அதனுள்ளிருந்து ஆற்று மட்டத்துக்கு ரகசியப் படிக்கட்டு ஒன்று இறங்குகிறது. ஊரில் எல்லோரும் இதை க்ரெம்யாச்சயா கோபுரம் என்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயருக்குரிய வாசல் கோபுரம் எப்போதோ இடிந்துபோயிற்று. பக்கத்தில் மிஞ்சிய இந்தக் கோபுரத்துக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு இளவரசி பொன்பெட்டிகளுக்கு நடுவில் தூங்குகிறாள் என்ற கதையும் கூடவே வந்துவிட்டது.

1510ல் ஊரின் சுதந்திரம் முடிந்தது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. மாஸ்கோவின் மூன்றாம் வசீலி, பிஸ்கோவ் பெரியவர்களை நோவ்கோரோதுக்கு வரவழைத்துச் சிறை வைத்துவிட்டு, வேச்சே மணியை இறக்கு, இனிச் சபை கிடையாது என்று சொல்லியனுப்பினார். ஒரு ராத்திரி யோசித்துவிட்டு ஊர் பணிந்தது. ஜனவரி 13ஆம் தேதி மணியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். முந்நூறு முன்னணிக் குடும்பங்களை மாஸ்கோ பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்திவிட்டு அங்கிருந்து வேறு ஆட்களை இங்கே கொண்டுவந்தார்கள். அந்த நாட்களைப் பற்றி உள்ளூர் நாளாகமக்காரர் எழுதியிருப்பது அழுகைதான். ஐந்து வளைய மதிலால் அன்று ஒரு உபயோகமும் இல்லை.

ஆனால் மாஸ்கோவின் கைக்குப் போன பிறகு கோட்டை இன்னும் பலப்பட்டது, ஏனென்றால் இப்போது இது ஒரு பேரரசின் மேற்கு வாசல். பீரங்கிக் காலத்துக்கேற்ற மாற்றங்களும் வந்தன. பழைய கோபுரம் என்றால் ஒல்லியாக, உயரமாக, மேலிருந்து அம்பு எய்ய வசதியாக இருக்கும். புதியவை பருத்தவை. ஒவ்வொரு தளத்திலும் பீரங்கி நிறுத்த அறைகள். மதில் வரிசையைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் மதிலின் அடிவாரத்தை ஒட்டி வருகிறவர்களைப் பக்கவாட்டில் சுட முடியும். தென்மேற்கு மூலையில் வெலிகாயாக் கரையில் இருக்கும் பொக்ரோவ்ஸ்கயா கோபுரத்தின் சுற்றளவு 90 மீட்டர். ஐரோப்பாவின் மிகப் பெரிய கோட்டைக் கோபுரங்களில் ஒன்று. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கோபுரம் என்றே தோன்றாது, கல்லால் ஆன ஒரு குன்று போலத்தான் இருக்கும்.

அந்த மூலையில்தான் 1581ல் இடி விழுந்தது.

லிவோனியாவுக்காக ரஷ்யாவும் அண்டை நாடுகளும் போட்ட லிவோனியப் போர் இருபது வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. போலந்து மன்னர் ஸ்தெஃபான் பாத்தோரி 1579ல் போலோட்ஸ்கையும் 1580ல் வெலிக்கியே லூக்கியையும் பிடித்துவிட்டு, மூன்றாவது வருடம் பிஸ்கோவுக்கு வந்தார். போலந்துக்காரர், லிதுவேனியர், ஹங்கேரியர், ஜெர்மானியக் கூலிப்படை எல்லோரும் சேர்ந்த பெரும்படை. தூரத்திலிருந்து ஊரைப் பார்த்ததும் மன்னருடன் வந்த ஒரு பாதிரியார் தன் நாட்குறிப்பில் ‘இது பாரிஸ் மாதிரி அல்லவா இருக்கிறது’ என்ற பொருள்பட எழுதி வைத்தார். இதற்கு முன் அவர்கள் பிடித்த ரஷ்யக் கோட்டைகள் பெரும்பாலும் மரக்கோட்டைகள். நெருப்பு வைத்தே பல இடத்தில் காரியம் முடிந்துவிட்டது. பிஸ்கோவில் எரிப்பதற்கு மதில் இல்லை.

உள்ளே பொறுப்பு இளவரசர் இவான் பெத்ரோவிச் ஷூய்ஸ்கியிடம். படையாட்கள் சில ஆயிரம் பேர், அவர்களைவிட அதிகமாக ஆயுதம் எடுத்த ஊர்மக்கள். பாத்தோரி இரண்டு ஆறுகளுக்கும் இடையே இருந்த தெற்கு மதிலில், ஆற்றோர மூலையைத் தேர்ந்தெடுத்தார். செப்டம்பர் தொடக்கத்தில் பதுங்குகுழிகளை வளைத்து வளைத்து வெட்டிக்கொண்டு மதிலை நெருங்கி, ரஷ்ய நாட்காட்டிப்படி 7ஆம் தேதி இருபது பீரங்கிகளால் அடிக்க ஆரம்பித்தார்கள். அன்றைய பொழுதிலும் மறுநாள் காலையிலும் பொக்ரோவ்ஸ்கயா, ஸ்வினூஸ்ஸ்கயா என்ற இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் இருந்த மதில் பொலபொலவென்று சரிந்தது. சுண்ணாம்புக்கல் மதில் நேரடிப் பீரங்கி அடியை எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: ஒரு நாளைக்குச் சற்று கூட.

செப்டம்பர் 8, மரியன்னையின் பிறந்தநாள் திருவிழா. உடைப்பு வழியாகப் படை பாய்ந்தது. ஹங்கேரியர்கள் பொக்ரோவ்ஸ்கயாவிலும் போலந்துக்காரர்கள் ஸ்வினூஸ்ஸ்கயாவிலும் ஏறிக் கொடி நட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த மன்னருக்கு ஊர் கைக்கு வந்துவிட்டது என்றே பட்டிருக்கும். ஆனால் மதில் ஏறியவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தபோது எதிரே புதிதாக ஒரு அகழி, அதற்குப் பின்னால் இன்னொரு அரண், அதன்மேல் துப்பாக்கிகள். எதிரி எந்த இடத்தைக் குறி வைக்கிறான் என்று பதுங்குகுழிகள் நீளும் திசையைப் பார்த்தே ஷூய்ஸ்கி கண்டுபிடித்துவிட்டார். வெளியே பீரங்கி அடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஊர் மொத்தமும் மண்ணும் மரமும் சுமந்து இரண்டாவது தடையைப் போட்டுக்கொண்டிருந்தது. ஏறியவர்களால் முன்னேயும் இறங்க முடியவில்லை, பின்னேயும் போக மனமில்லை. உள்ளிருந்து ஒரு மேட்டில் நிறுத்தியிருந்த ‘பார்ஸ்’, அதாவது சிறுத்தை, என்ற பெரிய பீரங்கி ஸ்வினூஸ்ஸ்கயாவைக் குறிபார்த்து அடித்தது. பிறகு அதே கோபுரத்துக்கு அடியில் வெடிமருந்தைக் குவித்து, மேலே நின்றவர்களோடு சேர்த்துத் தகர்த்துவிட்டார்கள். தங்கள் கோபுரத்தைத் தாங்களே தகர்ப்பது! பெண்கள் கல்லும் தண்ணீரும் சுமந்து வந்தார்கள். சிலர் ஆயுதமும் எடுத்தார்கள். அன்று மாலையே பொக்ரோவ்ஸ்கயாவும் மீண்டது.

அதற்குப் பிறகு நடந்தது வேறு மாதிரிச் சண்டை. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். உள்ளிருந்தவர்கள் சத்தம் கேட்டு எதிர்ச்சுரங்கம் தோண்டி அவற்றைக் கெடுத்தார்கள். அக்டோபர் கடைசியில் ஹங்கேரியக் காலாட்படை ஆற்றுப் பக்கமாக வந்து, மேலே பலகைக் கேடயம் பிடித்துக்கொண்டு, கடப்பாரையால் மதிலின் அடியையே குடைய ஆரம்பித்தது. மேலிருந்து சுட்டால் படாது, அவ்வளவு ஒட்டி நின்றார்கள். கொதிக்கும் தாரையும் எரியும் சணலையும் கொட்டினார்கள். அப்புறம் நீண்ட கம்புகளின் நுனியில் சாட்டையைக் கட்டி, சாட்டை முனையில் இரும்புக் கொக்கியை மாட்டி, மேலிருந்து வீசி அவர்கள் சட்டையில் கொக்கியைப் போட்டு வெளியே இழுத்தார்கள். இழுபட்டவர்களைச் சுட ஆட்கள் தயாராக நின்றார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிற ஆயுதமில்லை. அன்றைக்கு அந்த மதிலுக்குக் கீழே வேலை செய்தது.

வெளியே குளிர் வந்துவிட்டது. கூடாரத்தில் கிடந்த படைக்கு வெடிமருந்தும் போதவில்லை, சம்பளமும் வரவில்லை. பக்கத்திலிருந்த பெச்சோரி மடத்தையாவது பிடிக்கலாம் என்று அனுப்பிய பிரிவும் தோற்றுத் திரும்பியது. டிசம்பரில் பாத்தோரி பொறுப்பைத் தளபதி யான் ஸமோய்ஸ்கியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். போகப்போகச் சண்டை கீழ்த்தரமானது. ஷூய்ஸ்கிக்கு ஒரு பெட்டி வந்தது, ரகசியம், தனியாகத் திறக்கவும் என்ற கடிதத்தோடு. அவர் சந்தேகப்பட்டு ஒரு கைவினைஞரைக் கூப்பிட்டுப் பக்குவமாகத் திறக்கச் சொன்னார். உள்ளே திறந்ததும் சுடும்படி பொருத்திய துப்பாக்கிக் குழல்களும் வெடிமருந்தும் இருந்தன. 1582 ஜனவரியில் போப்பின் தூதர் அந்தோனியோ பொசெவீனோவின் முன்னிலையில் யாம்-ஸபோல்ஸ்கியில் பத்தாண்டுச் சமாதானம் கையெழுத்தானது. இவான் லிவோனியாவைக் கைவிட்டார். ஆக, போர் ரஷ்யாவுக்குத் தோல்விதான். ஆனால் பிஸ்கோவ் கையில் இருந்ததால்தான் பேச்சு அந்த அளவில் நின்றது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராகப் பதில். பீரங்கிக்கு முன்னால் இடைக்கால மதில் நிற்காது, நிற்கவும் இல்லை. ஆனால் எதிரி எந்த இடத்தில், எந்த நாளில் வர முடியும் என்பதை மதில் கட்டுப்படுத்தியது. அந்த ஒன்றிரண்டு நாள் அவகாசத்தில் பின்னால் இன்னொரு மதில் எழுந்தது. அதைப் போட ஆளும், மண்ணும், வேலை தெரிந்த கையும், பட்டினி கிடக்காமல் தாங்கத் தானியமும் உள்ளே இருந்தன. மதிலுக்குப் பின் மதில் என்ற பழக்கம் தோவ்மோந்த் காலத்திலிருந்தே அந்த ஊரின் ரத்தத்தில் இருந்தது. 1581ல் அதையே அவசரமாக, மண்ணிலும் மரத்திலும் செய்தார்கள். முழுப் பெருமையையும் ஷூய்ஸ்கி என்ற ஒரு தளபதிக்கே கொடுப்பவர்கள் இந்தப் பாதியைப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். எதிரில் இருந்தவர்களின் வெடிமருந்துத் தட்டுப்பாடும் கொஞ்சம் புண்ணியம் கட்டிக்கொண்டது, அதையும் மறுப்பதற்கில்லை.

1615ல் ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அதோல்ஃபும் வந்து பார்த்தார். அவருடைய தளபதி எவர்ட் ஹோர்ன் இங்கேயே செத்தார். முற்றுகை தோற்றது.

கோட்டையின் கடைசி இராணுவ வேடம் மகா பீட்டர் காலத்தில். 1700ல் நார்வாவில் ஸ்வீடனிடம் அடி வாங்கிய பிறகு, அடுத்த குறி பிஸ்கோவ்தான் என்று பயந்து, மதிலுக்கு முன்னாலும் உள்ளேயும் மண்ணைக் கொட்டிக் கொத்தளங்கள் அமைத்தார்கள். பீரங்கிக் குண்டைக் கல் உடைந்து வாங்கும், மண் விழுங்கிவிடும். அந்தக் காலத்து ஐரோப்பா முழுக்கக் கற்றுக்கொண்ட பாடம் அது. மண் வேண்டும், இடமும் வேண்டும் என்பதால் கையில் கிடைத்ததையெல்லாம் மூடினார்கள். தோவ்மோந்த் நகரத்துத் தேவாலயங்கள் அப்போதுதான் கைவிடப்பட்டன, நாளடைவில் இடிந்து மண்ணுக்குள் போயின. ஸ்வீடன்காரர்கள் வரவே இல்லை. 1721ல் ஸ்வீடனோடு சமாதானம் ஆன பிறகு எல்லை தொலைவுக்குப் போய்விட்டது, கோட்டைக்கு வேலை இல்லை. பூச்சும் கூரையும் நின்றதும் அந்தக் கல் என்ன செய்யுமோ அதைச் செய்தது.

தோவ்மோந்த் நகரத்துக்கு மட்டும் அந்த மண்ணால் ஒரு நன்மை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோண்டியபோது தேவாலயங்களின் அடித்தளங்கள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வெளிப்பட்டன. 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களும் கிடைத்து, அவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குப் போயின. அடித்தளங்களை இன்று க்ரோமுக்கு முன்னால் திறந்தவெளியில் பார்க்கலாம்.

1941 முதல் 1944 வரை ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் ஊர் கிட்டத்தட்ட இடிபாடாகிவிட்டது. போருக்குப் பின் வந்த பெரும் சீரமைப்பில்தான் க்ரோமின் கோபுரங்கள் மறுபடி கூம்புக் கூரையோடு எழுந்தன. எனவே படங்களில் பார்க்கிற அந்த அழகான மரக்கூரைகளை இடைக்காலத்தவை என்று நினைத்துவிட வேண்டாம். 2010 ஏப்ரலில் தீப்பிடித்து வ்லாஸியேவ்ஸ்கயா, ரிப்னீட்ஸ்கயா கோபுரங்களின் கூரை எரிந்துபோய், பிறகு மறுபடி போட்டார்கள். நடுவில் எழும் வெள்ளைப் பேராலயமும் 1682 முதல் 1699 வரை கட்டியது. அதே இடத்தில் நான்காவது. 70 மீட்டருக்கும் மேல் உயரம் என்பதால் எங்கிருந்தும் தெரியும்.

போய்ப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் க்ரோமோடு திரும்பிவிடுகிறார்கள். கோட்டையைப் புரிந்துகொள்ள அது போதாது. ஆற்றோரமாகத் தெற்கே நடந்து பொக்ரோவ்ஸ்கயா வரை போங்கள். அதன் நிழலில் இரட்டைக் கூரையோடு ஒரு குட்டித் தேவாலயம் இருக்கும், பெயர் ‘உடைப்பருகே பொக்ரோவ்’. எந்த உடைப்பு என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்கோவ் பாணித் தேவாலயங்கள் பத்தை 2019ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அதில் வந்தது. அங்கிருந்து மதிலை ஒட்டியே நடக்கலாம். இடையிடையே மதில் மறைந்து சாலையும் வீடுகளும் குறுக்கிடும், பிறகு மறுபடி வரும். க்ரெம்யாச்சயா வரை போய்விட்டுப் பிஸ்கோவா ஆற்றங்கரை வழியாக க்ரோமுக்குத் திரும்பினால் ஐந்து வளையங்களில் வெளிவளையத்தின் பாதியைப் பார்த்த கணக்கு. இஸ்போர்ஸ்கை அதே நாளில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.